நெஞ்சுக்கு அடியில் வைத்த கை

போன மாதம் சேலத்திலிருந்து முருகேசன் போன் செய்தான். விமானப்படையில் என்னிடம் பயிற்சி பெற்றவன். இப்போது அவனும் ஓய்வுபெற்றுவிட்டான். நாங்கள் பறந்த பழைய பெரிய ஹெலிகாப்டர்களின் காலம் முடிந்து, முன்னும் பின்னுமாக இரண்டு விசிறிகள் வைத்த புது இயந்திரங்கள் வந்துவிட்டன. அதையொட்டி, பழைய இயந்திரத்தில் வேலை பார்த்த தமிழ்நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம்.

"சார், உங்க கட்டுரை இல்லாம மலர் அச்சுக்கே போகாதுங்க. அந்தக் கை சமாச்சாரத்தை எழுதுங்க. எங்களை எல்லாம் கையை நெஞ்சுக்கு அடியில வெச்சுப் படுக்க வெச்சீங்களே, இப்பப் பசங்ககிட்டச் சொன்னா சிரிக்கிறாங்க. ஏன் அப்படின்னு நீங்களே எழுதிருங்க. ஒரு தப்புகூட இல்லாம சர்வீசை முடிச்ச மனுசன் நீங்க."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். நான் இருக்கும் கொல்லிமலையில் சிக்னல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு அவன் மறுபடியும் கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை.

முருகேசா, எழுதுகிறேன். ஆனால் நீ கேட்டது இதுவாக இருக்காது.

நான் லோட்மாஸ்டர். அதாவது ஹெலிகாப்டரில் ஏறும் சுமைக்குப் பொறுப்பானவன். என்ன எடை, எங்கே வைப்பது, எப்படிக் கட்டுவது எல்லாம் என் வேலை. உள்ளே ஏற்ற முடியாத பெரிய சாமானை வயிற்றுக்கு அடியில் கொக்கியில் தொங்கவிட்டுத் தூக்குவோம். அப்போது ஹெலிகாப்டரின் உள்தரையில் இருக்கும் திறப்பின் ஓரத்தில் நான் குப்புறப் படுத்துக்கொள்வேன். விமானிக்குத் தன் வயிற்றுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. என் கண்தான் அவருடைய கண். காதுக்கருவி வழியாக நான் சொல்வதை நம்பித்தான் அவர் தூக்குவார், இறக்குவார். "கயிறு இறுகுகிறது. சுமை தரையை விட்டது. அரை மீட்டர். ஒரு மீட்டர். கீழே காலி." இவ்வளவுதான் எங்கள் மொழி.

பயிற்சியாளனாக ஆனபிறகு என் மாணவர்களை அந்தத் திறப்பருகில் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு படுக்கச் சொன்னேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி. கையை வெளியே எடுத்தவனின் மணிக்கட்டில் மர அளவுகோலால் அடித்திருக்கிறேன். வயது வந்த சிப்பாய்களை! கண்டிப்பான வாத்தியார் என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரை மறுக்காமல் வைத்துக்கொண்டேன். அது கண்டிப்பு இல்லை. என் கையை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை, அதனால் எல்லோருடைய கையையும் மறைக்கச் சொன்னேன்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ராசிபுரத்துக்காரர். கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்து செம்மேட்டில் குடியிருந்தோம். பள்ளிப் படிப்பை இங்கே முடித்து, கீழே இறங்கிப் பட்டம் வாங்கி, படையில் சேர்ந்து, சில வருடங்களில் அந்தப் பெரிய இயந்திரத்துக்காக வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டேன். ஒரு குளிர்காலம் முழுவதும் பனி பெய்த ஊர் அது. அவர்கள் மொழியைத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்தோம்.

அந்த வகுப்புகளில் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இயந்திரத்தின் பல்சக்கரப் பெட்டியை வடிவமைத்த குழுவில் இருந்த வயதான பெண்மணி ஒருவர் பாடம் எடுத்தார். இரண்டு எஞ்சின்களின் முழுப் பலத்தையும் ஒரே தண்டுக்குக் கொண்டுவந்து, எட்டு இறக்கைகளைச் சுழற்ற வேண்டும். அதைச் செய்யும் பெட்டி ஒரு பஸ் அளவுக்குக் கனத்தால் தூக்குவதற்கு வேறு எதுவும் மிஞ்சாது. வருடக்கணக்கில் அந்தப் பெட்டியைச் சுரண்டிச் சுரண்டிக் கிலோ கிலோவாகக் குறைத்த கதையை அவர் சொன்னார். கடைசியில் எங்களைப் பார்த்து, "ஒவ்வொரு கிலோவுக்கும் நாங்கள் அழுதிருக்கிறோம். அந்த இடத்தில் நீங்கள் சேற்றை ஏற்றாதீர்கள்" என்றார். நாங்கள் சிரித்தோம். நோட்டில் அதை எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

ஊர் திரும்பியதும் வேலை தொடங்கியது. பீரங்கி, ரேடார் வண்டி, விழுந்துபோன சிறிய ஹெலிகாப்டர், வெள்ளத்தில் அரிசி மூட்டை, பனியில் சிக்கிய சிப்பாய்கள். சாலை இல்லாத எல்லைப்புறத்தில் சாலை போடவேண்டுமென்றால் முதலில் புல்டோசர் மேலே போகவேண்டும். அது போக சாலை இல்லை. அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். முன்னால் இருக்கும் தகட்டையும் பின்னால் இருக்கும், மண்ணைக் கிளறும் கொத்தியையும் கழற்றித் தனியாகக் கொண்டுபோய்விட்டு, உடம்பைக் கொக்கியில் மாட்டித் தூக்குவோம். எங்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத வேலை அது. அந்த எண்ணம் எங்களைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் கேப்டன், அதாவது தலைமை விமானி, ஒரு விங் கமாண்டர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். ஒரு வேலை தாமதமானால் ஆள்காட்டி விரலால் கைக்கடிகாரக் கண்ணாடியை இரண்டு தடவை தட்டுவார். டக், டக். அந்தச் சத்தத்துக்கு நாங்கள் பயந்த அளவுக்கு எதிரியின் குண்டுக்குப் பயந்திருக்க மாட்டோம். யாரையும் அவர் தவறு செய்யச் சொன்னதில்லை. சரியான வேலைக்கு வேண்டிய நேரத்தைத் தர மாட்டார், அவ்வளவுதான். மீதியை நாங்களே செய்துகொள்வோம்.

முப்பது வருடங்கள் ஆகப்போகின்றன. ஒரு பள்ளத்தாக்கின் அடியில் இருந்த முகாமிலிருந்து மேலே மலை முகட்டுக்கு ஒரு புல்டோசரைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நாங்கள் காலையில் போய் இறங்கினோம். பகல் பன்னிரண்டுக்கு மேல் கணவாயை மேகம் மூடிவிடும் என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். புல்டோசரைப் பார்க்கப் போனேன். அதன் வயிற்றுக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. உளியால் தட்டும் சத்தம். கூடவே ஒரு குரல்.

"வா கண்ணு, வந்துரு சாமி. ஏ சனியனே, வர மாட்டியா நீ?"

அந்தக் குளிரில், அந்த உயரத்தில், எங்கள் ஊர்ப் பேச்சு. குனிந்து கேட்டேன். "எந்த ஊருப்பா?"

கால்கள் அசைவதை நிறுத்தின. பிறகு சேறு அப்பிய முகம் ஒன்று வெளியே வந்தது. முப்பது வயதுகூட இருக்காது. "நம்ம பக்கங்களா நீங்க? கொல்லிமலைங்க எனக்கு. குண்டனி நாடு. பேரு சடையனுங்க." கொல்லிமலையில் ஊர்க்கூட்டத்தை நாடு என்பார்கள்.

"நான் செம்மேட்டுல படிச்சவன். எங்கப்பா அங்க வாத்தியாரு."

"அட, சாக்பீசு எறியிற வாத்தியாருங்களா? இந்தக் காதுல வாங்கியிருக்கறனுங்க!" என்று இடது காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான். ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டியில் உதவியாளாகச் சேர்ந்து, வடக்கே வந்து, மண் வண்டி ஓட்டக் கற்று, ஒரு காண்டிராக்டரிடம் ஆபரேட்டராக இருந்தான். எங்கள் இயந்திரத்தை அண்ணாந்து பார்த்தான். "இது நம்ம மலையடிவாரம் காரவள்ளியில இருந்து எழுபது வளைவையும் ஏறிருமுங்களா?"

"வளைவே வேண்டாம். நேரா ஏறும்."

"அப்பப் பஸ்சுல வாந்தி எடுக்கறவங்களுக்கெல்லாம் நல்லதுங்க" என்றான். அன்று நான் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான்.

அதன்பிறகு அவன் முகம் மாறியது. "ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். இதோட அடியில மண்ணு கட்டிக் கெடக்குதுங்க. சங்கிலிக்குள்ள, வயித்துத் தகட்டுக்கு மேல, எல்லா எடத்துலயும் உறைஞ்சு கல்லாட்டம் ஆயிருச்சு. மூணு நாளா ஒரு பக்கம்தான் கொத்தியிருக்கறன். டீசலும் வடிக்கலைங்க. வடிச்சா மேல போயி இந்தக் குளிருல ஸ்டார்ட் ஆகாதுன்னு சூப்பரைசர் உடமாட்டேங்கறாரு. கனம் உங்க புஸ்தகத்துல இருக்கறாப்ல இருக்காதுங்க. ரெண்டு மணி நேரம் குடுங்க, நாலு ஆளக் குடுங்க, சுத்தமாக் கொத்திப்போடறன்."

நான் அடியில் கைவிட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. புல்லின் வேரோடு சேர்ந்து சேறு இரும்பைப்போல இறுகியிருந்தது. அதை எடை போட அங்கே வழி கிடையாது.

கேப்டனிடம் போய்ச் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு மண்?"

"சொல்ல முடியவில்லை, சார்."

"தெரியாததை எடைத்தாளில் எழுத முடியாது. தெரிந்ததை எழுதுங்கள்." டக், டக்.

தெரிந்தது தயாரிப்பாளரின் புத்தகத்தில் இருந்த எடை. கழுவித் துடைத்து, டீசல் இல்லாமல், தொழிற்சாலை வாசலில் நிற்கும் புல்டோசரின் எடை. அதைத்தான் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். எங்கள் பிரிவில் அது வழக்கமாகவே இருந்தது. புத்தக எடையை எழுதினால் யாரும் கேள்வி கேட்க முடியாது. கூடுதல் கனம் இருந்தால் தூக்கும்போது தெரிந்துவிடும், தெரிந்தால் இறக்கிவிடலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம். அதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. சுமையை ஒரு மீட்டர் தூக்கி அப்படியே நிறுத்த வேண்டும். எஞ்சினில் இன்னும் எவ்வளவு பலம் மிச்சம் இருக்கிறது என்று ஃபிளைட் என்ஜினீயர் படித்துச் சொல்வார். மிச்சம் இல்லையென்றால் பேச்சே கிடையாது, இறக்கிவிட வேண்டும்.

இன்னொரு முறையும் உண்டு. அது இதைவிட முக்கியம். சுமையைச் சுற்றி வெள்ளைக் கற்களால் ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். கொக்கி மாட்டியவர்கள் வட்டத்துக்கு வெளியே போனபிறகுதான் தூக்க வேண்டும். சுமை மறுபடி தரையில் உட்கார்ந்து கயிறு தொய்யும்வரை வட்டத்துக்குள் ஓர் உயிர் போகக்கூடாது. தரையில் இருப்பவர்களுக்குச் சைகை காட்டும் உரிமை முன்னால் கொடியோடு நிற்கும் ஒருவருக்கு மட்டும்தான் உண்டு. மேலே இருப்பவன், அவன் யாராக இருந்தாலும், கீழே இருப்பவனுக்குக் கை காட்டக்கூடாது.

சடையனிடம் போய், "நேரமில்ல, இப்படியே தூக்கறோம்" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். "சரிங்க. நீங்க பாத்துக்குவீங்க" என்றான்.

தூக்கினோம். கயிறுகள் இறுகின. புழுதியும் பனித்தூளும் எழுந்து கொடிக்காரரை முழுதாக மறைத்துவிட்டன. எனக்கு நேர் கீழே மட்டும் ஒரு கிணறு போலத் தெளிவாக இருந்தது. புல்டோசரின் ஒரு மூலை எழுந்தது. மறுமூலை எழவில்லை. சுமை சுழலாமல் பிடிப்பதற்காகக் கட்டிய வழிகாட்டிக் கயிறு, தரையில் அடித்திருந்த இரும்பு முளை ஒன்றில் சுற்றிக்கொண்டிருந்தது. புல்டோசர் மெதுவாக எழுந்து, ஓர் ஆள் உயரத்தில் சாய்ந்தபடி நின்றது. ஹெலிகாப்டர் ஒரு பக்கமாக இழுபட்டது.

"பலம் மிச்சம் இல்லை" என்றார் என்ஜினீயர்.

"கீழே என்ன?" என்றார் கேப்டன். மெதுவாக.

அந்த இடத்தில் நான் சொல்லவேண்டியது ஒரே ஒரு சொல்: "இறக்குங்கள்." இறக்கினால் மண்ணைக் கொத்த வேண்டும். மேகம் வந்துவிடும். நாளை மறுபடி வர வேண்டும். எடைத்தாளில் என் கையெழுத்து பொய் என்று ஆகும். இத்தனையையும் நான் நினைத்தேன், ஒரு மூச்சு விடும் நேரத்தில். "கயிறு கொஞ்சம் சிக்கியிருக்கிறது, சார். ஒரு நிமிடம்" என்று சொன்னேன்.

வட்டத்தை ஒட்டி வெளியே, புழுதி தொடங்கும் ஓரத்தில், கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு சடையன் நின்றான். கையில் உளி. நான் திறப்புக்கு வெளியே கையை நீட்டி, வா என்று கூப்பிட்டேன்.

அவன் அண்ணாந்து பார்த்தான். தன் நெஞ்சைத் தொட்டு, நானா என்று கேட்டான். அவனுக்குச் சந்தேகம் இருந்தது. வட்டத்தைப் பற்றிக் காலையில் அவனுக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருந்தார்கள். நான் மறுபடியும் கையை அசைத்தேன். வேகமாக. முளையைக் காட்டினேன்.

அவன் ஓடி வந்தான். மண்டியிட்டு, உளியைக் கயிற்றுக்குள் கொடுத்து நெம்பினான். கயிறு விடுபட்டது. விடுபட்டதும் மொத்தக் கனமும் ஒரே வீச்சாக அவன் பக்கம் ஆடியது. ஹெலிகாப்டர் சரிந்து கீழே இறங்கியது. விசிறியின் வேகம் விழுகிறது என்று என்ஜினீயர் கத்தினார். கேப்டன் கொக்கியைத் திறக்கும் பொத்தானை அழுத்தினார். புல்டோசர் சடையன்மேல் விழுந்தது.

அவர் அழுத்தியது சரி. அதில் எனக்கு ஐயம் இல்லை. அழுத்தியிராவிட்டால் உள்ளே இருந்த நாங்கள் ஐந்து பேரும் போயிருப்போம். ஆனால் அவர் அழுத்துவதற்கு முன்னால் எனக்கு நேரம் இருந்தது. "கீழே ஆள்" என்று சொல்ல இரண்டு சொல்லுக்கு நேரம் இருந்தது. அதைச் சொன்னால் அந்த ஆள் எப்படி உள்ளே வந்தான் என்ற கேள்வி வரும். என் வாய் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் அவர் ஒரு கணம் தயங்கியிருப்பாரா, அந்த ஒரு கணத்தில் சடையன் உருண்டு வெளியே போயிருப்பானா, எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளும் பழக்கத்தை இந்தக் கட்டுரையோடு விடுகிறேன்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். உடைந்த புல்டோசரின் அடித்தகடு கழன்று கிடந்தது. அதிலிருந்து ஒரு கட்டில் அகலத்துக்கு மண் பாளம் பாளமாக விழுந்திருந்தது. புல்வேர்கள் அப்படியே இருந்தன. அவன் கொத்தி முடித்திருந்த பக்கம் மட்டும் சுத்தமாகப் பளபளத்தது.

விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். அதற்கு முந்தின நாள் பிற்பகல் தேநீர் நேரத்தில் கேப்டன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "அவன் தானாக ஓடிவந்ததை நீங்கள் பார்த்தீர்கள்." கேள்வி மாதிரி இல்லை. பதிலுக்கும் அவர் காத்திருக்கவில்லை. நான் கூப்பிட்டது அவருக்குத் தெரிந்திருக்குமா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருக்க அவர் எடுத்துக்கொண்ட கவனம் மட்டும் தெரியும்.

கொடிக்காரர் புழுதியில் எதையும் பார்க்கவில்லை என்று உண்மையைச் சொன்னார். காண்டிராக்டரின் சூப்பர்வைசர், செத்தவன் காலையிலேயே ரம் குடித்திருந்தான் என்று சொன்னான். டீசலை வடிக்கவிடாத ஆள் அவன். அவனுக்கும் தப்பிக்க வேண்டியிருந்தது. அன்று காலை சடையனின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று பேசியவன் நான். அவன் வாயில் இஞ்சி டீ வாசனைதான் இருந்தது. என் முறை வந்தது. எழுந்து நின்று, தலையை நிமிர்த்தி, "அவர் தானாக ஓடிவந்தார்" என்றேன். குடித்திருந்தாரா என்று கேட்டார்கள். "கவனிக்கவில்லை" என்றேன்.

இறந்தவரின் கவனக்குறைவு. அவ்வளவுதான் முடிவு. புத்தக எடையைப் பற்றி எவரும் கேட்கவில்லை. எங்கள் பிரிவின் பலகையில் 'உயிரிழப்பு இல்லை' என்ற வரி அப்படியே இருந்தது. ஏனென்றால் செத்தவன் எங்கள் ஆள் இல்லை, காண்டிராக்ட் ஆள். அந்தப் பலகையின் முன்னால் நின்று வருடா வருடம் போட்டோ எடுத்துக்கொண்டோமே முருகேசா, உன் வீட்டுச் சுவரிலும் அது மாட்டியிருக்கிறது. போய்ப் பார். கேப்டன் பதவி உயர்ந்து, மரியாதையோடு ஓய்வுபெற்று, தன் கட்டிலில் செத்தார். தன் கீழ் ஒருவரையும் இழக்காதவர் என்று இரங்கல் கூட்டத்தில் பேசினார்கள். நானும் கைதட்டினேன். எனக்கு அவர்மேல் உள்ள கோபம் அடங்கவில்லை. என்மேல் உள்ளது அதைவிடப் பெரிது.

ஓய்வுக்குப் பிறகு கொல்லிமலைக்கு வந்து கொஞ்சம் நிலம் வாங்கி மிளகு போட்டேன். குளிர்ச்சிக்காக வந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய். குண்டனி நாட்டில் சடையனின் மனைவி இருக்கிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் வந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன். ஏழு வருடங்கள் சொல்லவில்லை.

அவள் பெயர் பழனியம்மா. மிளகு பறிக்க என் தோட்டத்துக்கு வருவாள். நானே ஆள் விட்டுக் கூப்பிட்டு வரவைத்தேன். என்னை மிலிட்டரிக்காரர் என்று தெரியும், எந்த வேலை என்று தெரியாது. அவள் பேச்சிலிருந்து மீதியைத் தெரிந்துகொண்டேன். சூப்பர்வைசர் சாம்பல் கலயத்தோடு மலையேறி வந்து, சோளக்காடு ஊர்ச் சந்தையில் அத்தனை பேர் முன்னால் சொன்னானாம், சடையன் குடித்துவிட்டு மிஷினுக்கு அடியில் போய் விழுந்தான் என்று. அன்றிலிருந்து குடிக்கிறவனை எல்லாம், "டேய், சடையனாட்டம் போயிருவ" என்று ஊரில் திட்டுவது வழக்கமாகிவிட்டது. திட்டுவதில் முதல் ஆள் சடையனின் சொந்த அண்ணன் செல்லன். மகளுக்கு மலையிலேயே பைல் நாட்டில் மாப்பிள்ளை பார்த்தபோது, "அந்தக் குடிகாரன் புள்ளையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்களாம்.

"பண்டிகைக்குக்கூடத் தொடமாட்டாருங்க அவரு" என்பாள் பழனியம்மா. "ஆனா யாரு நம்புவா? மிலிட்டரி ஆபீசருங்களே எழுதிக் குடுத்துருக்காங்களே."

நான் மிளகுக் கூடையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முருகேசன் போன் செய்ததற்கு இரண்டு நாள் கழித்து, காலையில் பேப்பரில் புது ஹெலிகாப்டரின் படம் வந்திருந்தது. பீரங்கி ஒன்று கீழே தொங்குகிறது. பழனியம்மா அதை எட்டிப் பார்த்தாள்.

"இதானுங்களா எங்க ஊட்டுக்காரரக் கொன்னது?"

"இல்ல. இது வேற. அதுக்கு ஒரே விசிறிதான்" என்றேன்.

சொல்லி முடித்தபிறகுதான் என் காதில் அது விழுந்தது. அந்தப் பெண் கேட்டதற்கு நான் விசிறி எண்ணிக்கை சொல்கிறேன்! அவளும் கவனித்துவிட்டாள். பேப்பரை மடித்து வைத்தாள். "உங்களுக்கெப்படீங்க தெரியும், அது எத்தனை விசிறின்னு?"

சொன்னேன். மண், டீசல், எடைத்தாள், கயிறு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் நின்றுகொண்டே கேட்டாள். நடுவில் அழவில்லை, கத்தவில்லை. முடிந்ததும் கேட்டாள்.

"எப்படிக் கூப்புட்டீங்க?"

"கையால."

"காட்டுங்க."

என் கை நெஞ்சுக்கருகில் இருந்தது. அதை நீட்டினேன். அன்று காட்டியதுபோலவே இரண்டு தடவை அசைத்தேன். அவள் அந்தக் கையையே பார்த்தாள்.

"இப்படிக் கூப்புட்டா நானும்தான் வந்திருப்பேன்" என்றாள். "ஏழு வருசமா எங்கையால காப்பித்தண்ணி வாங்கிக் குடிச்சீங்களே, அப்பல்லாம் தொண்டையில எறங்குச்சுங்களா?"

"எறங்குச்சு" என்றேன். அதுதான் உண்மை.

"அப்ப நீங்க மனுசனில்ல." சத்தம் போடாமல் சொன்னாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். "எங்கிட்டச் சொல்லி என்னாவுதுங்க? எனக்குத்தான் தெரியுமே, அவரு குடிக்கலைன்னு. தெரியாதவங்ககிட்ட வந்து சொல்லுங்க. சந்தைக்கு வாங்க."

சந்தை நாளில் போனேன். செல்லன் அன்னாசிப்பழத்தைக் குவித்துவைத்து உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். பழனியம்மா அவர் எதிரில் போய் நின்றாள். கணவனின் அண்ணனிடம் அவள் பேசிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

"இவரு ஒண்ணு சொல்லோணுமாம். கேட்டுக்குங்க."

"ஏனுங்க சாமி, பழம் வேணுங்களா?" என்றார் அவர் என்னிடம்.

"உங்க தம்பி குடிக்கலைங்க" என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்க" என்றாள் பழனியம்மா.

சத்தமாகச் சொன்னேன். வாழைக்காய்க்காரர், பலாச்சுளை விற்கிற பெண், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

செல்லன் எழுந்தார். "குடிக்கலைன்னா, அவ்ளோ பெரிய மிஷினுக்கு அடியில எதுக்குங்க போனான்? அறிவு வேண்டாம்?"

"நான் கூப்புட்டேன். வரக்கூடாதுன்னு அவனுக்குத் தெரியும். நானான்னு கேட்டான். ஆமான்னு மறுபடி கூப்புட்டேன். அப்புறம் அவனே வந்தான்னு விசாரணையில பொய் சொன்னேன்."

அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பழனியம்மாவையும் பார்க்க முடியவில்லை அவரால். தரையைப் பார்த்து, "முப்பது வருசமா நான் அவனப் பேசாத பேச்சில்லையே" என்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். யாரோ பழம் என்ன விலை என்று கேட்டார்கள்.

பழனியம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "எல்லாருக்கும் கேட்டுச்சில்ல? நான் வாரேன்" என்றாள், சந்தையைப் பார்த்து. என்னைப் பார்த்து இல்லை. அதற்குப் பிறகு என் தோட்டத்துக்கு அவள் வரவில்லை. இந்த வருட மிளகு கொடியிலேயே கறுத்துக்கொண்டிருக்கிறது. வேறு ஆளைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

விசாரணை நடத்திய அலுவலகத்துக்கு என் வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். இத்தனை வருடம் கழித்து அதை என்ன செய்வார்கள் என்று தெரியாது. என்னைக் கூப்பிட்டால் போவேன். அதன் நகல் ஒன்றை குண்டனி நாட்டுக்குக் கொண்டுபோய்ப் பழனியம்மா வீட்டு வாசலில் நின்றேன். கதவைத் திறந்து வாங்கிக்கொண்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை. அவள் செய்தது சரி.

முருகேசா, கை சமாச்சாரம் இதுதான். மலரில் போடுவதென்றால் முழுதாகப் போடு. பக்கம் போதாவிட்டால் என் பயிற்சியை எடு, வெளிநாட்டை எடு, என் படத்தையும் பதக்கப் பட்டியலையும் எடு. ஆனால் குண்டனி நாட்டுச் சடையன் குடித்திருக்கவில்லை, கூப்பிட்டதால் வந்தான் என்ற வரியை எடுக்காதே. இன்னும் ஒன்று. உன்னிடம் படித்த பிள்ளைகள் இப்போது புது இயந்திரத்தின் திறப்பருகில் படுத்திருப்பார்கள். கையை மறைக்கச் சொல்லாதே. கைக்கு ஒன்றும் தெரியாது. சுமை சரியில்லை என்றால் "இறக்குங்கள்" என்று வாயால் சொல்லப் பழக்கு. கடிகாரத்தை எவன் தட்டினாலும்.